எலியில் பார்க்காமல் விட்டால் நாம்தான் எலியா? வயிற்றுப் பிள்ளையின் மூளையும் ரசாயனச் சோதனையும்

வடசென்னையில், மணலி ஆலைகளுக்குப் பக்கத்தில் உள்ள எர்ணாவூரில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மனைவிக்கு ஆறாம் மாதம். ரசாயனங்கள் கருவிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்குமா என்பதை எலியில் பார்க்காமல், தட்டில் வளர்த்த மனித செல்களில் பார்க்கும் ஒரு விஞ்ஞானியைப் பற்றி எங்கேயோ படித்திருக்கிறார். "எலியில்கூடப் பார்க்காம விட்டா, மணலியைச் சுத்தி இருக்கிற நாங்கதான் எலியா?" என்று முடித்திருக்கிறார். விலங்குச் சோதனை வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றக் கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விலங்கை விட்டுவிட்டால் நமக்குக் கிடைக்கும் பாதுகாப்பு குறைகிறதா என்பது ஒன்று. நாம் மூச்சு விடும் காற்றிலும் சாப்பிடும் மீனிலும் இருப்பதை யாராவது இந்தக் கண்ணோட்டத்தில் சோதித்திருக்கிறார்களா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில்: குறையாது, ஏனென்றால் இழப்பதற்கு அங்கே அதிகம் எதுவும் இல்லை. இரண்டாவதற்கான பதில்தான் கசப்பானது. மிக முக்கியமான சில நஞ்சுகளுக்கு இனி எந்தச் சோதனையும் தேவையில்லை, மனிதக் குழந்தைகளிடமே அது தெரிந்துவிட்டது. மற்ற பெரும்பாலானவற்றை யாரும் பார்க்கவே இல்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. நச்சியல் படித்தேன். பல வருடம் எலிக்கூடத்திலும், அப்புறம் செல் வளர்ப்பு ஆய்வகத்திலும் வேலை. வளர்ந்தது தண்டையார்பேட்டையில், அதனால் காற்று திரும்பினால் எந்தப் பக்கத்திலிருந்து என்ன வாடை வரும் என்பது உங்களைப் போலவே எனக்கும் தெரியும். மகப்பேறு மருத்துவர் அல்ல. உங்கள் வீட்டுத் தூசியில் எது எத்தனை இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லவும் முடியாது. அதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

முதலில் எலியில் என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறேன், ஏனென்றால் 'எலியில் பார்த்தாச்சு' என்றால் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வளரும் மூளைக்கு வரும் நச்சுப் பாதிப்பைப் பார்ப்பதற்கென்றே உலகளவில் ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரு நெறிமுறை இருக்கிறது. பல நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஈசிடி 2007இல் வெளியிட்டது, எண் 426. கர்ப்பிணி எலிக்குக் கருவுற்ற ஆறாம் நாளிலிருந்து, குட்டி போட்டுப் பாலூட்டி முடிக்கும் 21ஆம் நாள் வரை சோதிக்கும் ரசாயனத்தைக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். மூன்று அளவுகள், அதைக் கொடுக்கவே கொடுக்காத ஒரு கூட்டம், ஒவ்வொன்றிலும் சுமார் இருபது தாய் எலிகளின் குட்டிகள். கணக்குப் போட்டால் ஒரே ஒரு ரசாயனத்துக்கு ஆயிரம் குட்டிகள் வரை வந்துவிடும். செலவு பத்து லட்சம் டாலரை ஒட்டி வரும். அறிக்கை கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். குட்டிகள் வளர வளர எவ்வளவு ஓடுகின்றன, திடீர்ச் சத்தத்துக்கு எப்படித் துள்ளுகின்றன, தண்ணீர்த் தொட்டியில் வழியை நினைவு வைத்துக்கொள்கின்றனவா என்று பார்க்கிறார்கள். கடைசியில் மூளையை எடுத்து எடை போட்டு, சீவல் சீவலாக வெட்டி, குறிப்பிட்ட பகுதிகளின் தடிமனை அளக்கிறார்கள்.

இந்த வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், எலிக்குட்டிகளின் நடத்தை எவ்வளவு அலைபாயும் என்று. அறையின் வெளிச்சம், கையாளும் ஆள், கூண்டைச் சுத்தம் செய்த நேரம் எல்லாம் எண்ணில் ஏறும். ஒரே பொருளை இரண்டு ஆய்வகங்களில் சோதித்து வேறு வேறு முடிவு வருவது அதிசயமில்லை. சிறிய பாதிப்பு இந்த அலைச்சலுக்குள் மறைந்துபோகும். அதோடு, குழந்தை தாமதமாகப் பேசுகிறது, கணக்கில் திணறுகிறது, வகுப்பில் உட்கார முடியவில்லை என்று நீங்கள் பயப்படும் விஷயங்களில் எதையும் எலியிடம் நேரடியாகக் கேட்க வழியில்லை.

இன்னொரு சிக்கல் காலக்கணக்கு. மனிதக் குழந்தையின் மூளை வேகமாக வளரும் காலம் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தை ஒட்டியது. எலிக்கு அதே கட்டம் பிறந்த பிறகுதான் வருகிறது. மூளை வளர்ச்சியை மட்டும் வைத்துப் பார்த்தால், பிறந்து ஒரு வாரம் பத்து நாள் ஆன எலிக்குட்டிதான் அப்போது பிறந்த மனிதக் குழந்தைக்குச் சமம். அதாவது நம் குழந்தை தொப்புள்கொடி வழியாக வாங்கும் கட்டத்தில் எலிக்குட்டி தாய்ப்பால் வழியாக வாங்குகிறது. பாலில் சரியாக இறங்காத பொருளாக இருந்தால் அந்த முக்கியமான வாரத்தில் குட்டிக்கு அது போய்ச் சேரவே சேராது. ரத்தத்திலும் வித்தியாசம் உண்டு. எலியின் சிவப்பணுக்கள் மீதைல் பாதரசத்தை நம்முடையதைவிட இறுக்கமாகப் பிடித்துவைத்துக்கொள்கின்றன, அதனால் அதன் மூளைக்குப் போவது குறைவு. தாலிடோமைடு கதை தெரிந்திருக்கும். கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுத்த அந்த மருந்து, எலிகளில் பெரிதாக எதையும் காட்டாமல் மனிதக் குழந்தைகளின் கை கால்களைக் குறைத்தது. பிறகு முயலில் பார்த்தபோது தெரிந்தது.

எலிகளுக்கு நியாயமும் செய்ய வேண்டும். காரீயம் (ஆங்கிலத்தில் லெட்), பாதரசம் போன்றவை மூளையில் எப்படி வேலை செய்கின்றன என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு விலங்குகளிடமிருந்து வந்ததுதான். விலங்குச் சோதனையால் எந்தப் பயனும் இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நம் கேள்வி வேறு: அந்தச் சோதனை உங்களை எத்தனை பொருள்களிலிருந்து காப்பாற்றியிருக்கிறது? உலகெங்கும் விற்பனைக்காகப் பதிவான ரசாயனங்களும் கலவைகளும் மூன்றரை லட்சத்துக்கு மேல். மூளை வளர்ச்சிக்கான எலிச் சோதனை நடந்தவை சில நூறுகூடத் தேறாது, அதிலும் பெரும்பாலானவை பூச்சிக்கொல்லிகள். எல்லாப் பொருளுக்கும் அதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. வேறு சோதனையில் சந்தேகம் எழுந்தால்தான் கேட்பார்கள். ஆகவே உங்களுக்கும் ஆபத்துக்கும் நடுவில் ஒரு பெரிய எலிக்கூடம் காவல் நின்றுகொண்டிருந்தது, அதை இப்போது யாரோ மூடுகிறார்கள் என்ற படம் தவறு.

செய்த சோதனையையும் யார் எப்படிப் படிக்கிறார்கள் என்பது இருக்கிறது. குளோர்பைரிஃபாஸ் நம் ஊரில் கரையானுக்கு அடிக்கும் மருந்து, வயலுக்கும் அடிப்பது. 1998இல் தயாரிப்பாளர் தரப்பு செய்வித்த எலிச் சோதனை, குறைந்த அளவில் குட்டிகளின் மூளைக்குப் பாதிப்பில்லை என்று முடித்தது. இருபது வருடம் கழித்து, 2018இல், ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் மூல எண்களை வாங்கித் திரும்பக் கணக்குப் போட்டார்கள். மிகக் குறைந்த அளவிலேயே சிறுமூளையின் உயரம் குறைந்திருந்தது. இதற்கிடையே கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அதற்கு அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. ஆயிரம் குட்டிகள் செத்தும் பதில் இருபது வருடம் அலமாரியில் தூங்கியது என்றால், குறை எலியிடம் இல்லை.

சரி, தட்டுக்கு வருவோம். நீங்கள் படித்த விஞ்ஞானியின் பெயரை எழுதவில்லை. இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் சில: ஜெர்மனியின் டூசல்டார்ஃபில் நீண்ட காலம் பணியாற்றிய எல்லன் ஃப்ரிட்ஷே, கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்செல் லைஸ்ட், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் ஆய்வு செய்த திமோத்தி ஷேஃபர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஹார்டுங். விலங்குகளைக் குறைக்க வேண்டும், முடிந்தால் மாற்ற வேண்டும் என்ற கொள்கையை ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய விஞ்ஞானிகள் 1959லேயே முன்வைத்துவிட்டார்கள். ஆனால் மூளை விஷயத்தில் அது கைக்கு எட்டியது 2007க்குப் பிறகுதான். ஜப்பானின் ஷின்யா யமனாகா குழு, வளர்ந்த மனிதரின் தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பி, கருவில் இருப்பது போன்ற எதுவாகவும் மாறக்கூடிய செல்லாக ஆக்கிக் காட்டியது. அதிலிருந்து நரம்புச் செல்களை ஆய்வகத்திலேயே வளர்க்கலாம். 2013இல் ஆஸ்திரியாவில் மூளைத் திசுவின் சிறு உருண்டைகளையே வளர்த்தார்கள். ஆர்கனாய்டு என்கிறார்களே, அதுதான். 'தட்டில் மூளை' என்று பத்திரிகைகள் எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டாணி அளவுகூட இல்லாத செல் கூட்டம் அது.

இவர்கள் செய்த புத்திசாலித்தனம் என்னவென்றால், முழு மூளையையும் நகலெடுக்க முயலாமல், மூளை உருவாகும்போது நடக்கும் வேலைகளைப் பிரித்துக்கொண்டது. செல்கள் பெருக வேண்டும். பிறந்த இடத்திலிருந்து தன் இடத்துக்கு நகர வேண்டும். நரம்புச் செல்லாகவோ துணைச் செல்லாகவோ மாற வேண்டும். இழைகளை நீட்ட வேண்டும். ஒன்றோடொன்று இணைப்புப் போட வேண்டும். கடைசியில் கூட்டமாக மின்துடிப்பு விட வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றோ பலவோ சோதனைகள், எல்லாம் சேர்த்து 17 சோதனைகள் கொண்ட ஒரு தொகுப்பு. அதன் முடிவுகளை எப்படிப் படிப்பது என்று ஓஈசிடி 2023இல் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் ஆள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: சக்கரம், பிரேக், வயரிங் என்று ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்துத் தேறாததைத் தள்ளும் வேலை ஒன்று, பெட்டியைத் தண்டவாளத்தில் ஓட்டிப் பார்ப்பது இன்னொன்று. தட்டு முதல் வகை, எலி இரண்டாம் வகை, அதுவும் வேறு அகலப் பாதையில்.

இந்தத் தொகுப்பு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? சுமார் 120 பொருள்களை வைத்து ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்காகச் செய்த ஆய்வில், மூளை வளர்ச்சிக்கு நஞ்சு என்று ஏற்கெனவே தெரிந்தவற்றில் பத்தில் எட்டுக்குக் கொஞ்சம் மேலாகவே பிடித்தது. பாதுகாப்பானது என்று தெரிந்தவற்றில் பெரும்பாலானதை வீணாகச் சந்தேகப்படவில்லை. நல்ல மதிப்பெண்தான், ஆனால் பத்தில் ஒன்றிரண்டு நழுவுகிறது என்பதையும் அதே எண்தான் சொல்கிறது. வேகம் முக்கியமான லாபம். எலியில் ஒரு பொருளுக்கு ஆகும் காலத்தில் இங்கே நூற்றுக்கணக்கான பொருள்களைப் பார்க்கலாம். மூன்றரை லட்சத்தை எலியால் பார்த்து முடிக்க வேண்டுமென்றால் உங்கள் பேரன் பேத்தி காலத்திலும் முடியாது.

என்னென்ன குறை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் செய்பவர்களே ஒத்துக்கொள்ளும் குறைகள் இவை. தட்டில் கல்லீரல் இல்லை. மேலே சொன்ன குளோர்பைரிஃபாஸ் உடம்புக்குள் போய் வேறொரு வடிவமாக மாறிய பிறகுதான் முழு வீரியம் காட்டும். மாற்றும் ஆள் தட்டில் இல்லையென்றால் குறைவாகத்தான் தெரியும். நஞ்சுக்கொடியும் இல்லை, மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் நிற்கும் தடுப்பும் இல்லை. ஆகையால் தட்டில் பாதிப்பு வந்த அளவு என்பது தாயின் ரத்தத்தில் எத்தனைக்குச் சமம் என்று கணினி மாதிரிகளை வைத்துத்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது. மிகப் பெரிய ஓட்டை தைராய்டு. சில ரசாயனங்கள் பிள்ளையின் மூளையைத் தொடாமலே, தாயின் தைராய்டு ஹார்மோனைக் குறைத்து, அதன் மூலம் பிள்ளையைக் கெடுக்கும். தாயே இல்லாத தட்டில் அது தெரியாது. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவும் பெரும்பாலான சோதனைகளில் இல்லை, அதனால் கிருமித்தொற்றோடும் அழற்சியோடும் சேர்ந்து வரும் பாதிப்புகள் தப்பிவிடலாம்.

ஆய்வகத்துக்கு வெளியே அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. 'விலங்கில்லாச் சோதனை' என்று பெயர் வைத்தாலும் அது முழுக்க விலங்கில்லாதது ஆகிவிடவில்லை. மின்துடிப்பைப் பார்க்கும் முக்கியமான சோதனை ஒன்றுக்கு இன்னும் பிறந்த எலிக்குட்டிகளின் மூளைச் செல்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். பல செல்களுக்கு ஊட்டமாக ஊற்றும் சீரம், வெட்டிய பசுவின் வயிற்றிலிருந்த கன்றின் ரத்தத்திலிருந்து வருவது. உருண்டைகளை வளர்க்க உதவும் கூழ், எலிக் கட்டியிலிருந்து எடுப்பது. இவற்றுக்கு மாற்று வந்துகொண்டிருக்கிறது, ஆனால் விலை எட்டவில்லை. அன்பர்கள் யாராவது 'ஒரு உயிருக்கும் தீங்கில்லாத முறை' என்று பகிர்ந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். குறைக்கிறார்கள், மிக அதிகமாகக் குறைக்கிறார்கள் என்பதுதான் சரி. இடையில் வரிக்குதிரை மீன் என்ற சின்ன மீனும் இருக்கிறது. கங்கைப் படுகை உள்ளிட்ட நம் துணைக்கண்டத்து ஓடைகளில் பிறந்த மீன், இப்போது உலக ஆய்வகங்களில் வாழ்கிறது. முட்டை கருவுற்று ஐந்து நாள் ஆகாத அதன் குஞ்சை ஐரோப்பியச் சட்டம் சோதனை விலங்காகவே எண்ணுவதில்லை. சட்டத்துக்கு அது வசதி. நீந்திக் காட்டும் உயிரில் நடத்தையைப் பார்க்க முடிவது ஆராய்ச்சிக்கு வசதி.

நம் நாட்டில் என்ன நிலைமை? அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014இல் தடை செய்தது, அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்வதையும் அதே வருடம் நிறுத்தியது. 2023இல் புதிய மருந்துகளுக்கான விதிகளைத் திருத்தி, விலங்குக்குப் பதிலாகச் செல், ஆர்கனாய்டு, கணினி முறைகளையும் ஏற்கலாம் என்றார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் விலங்கு மாற்றுகளுக்கென்றே 2009இல் ஒரு மையம் தொடங்கி, பேராசிரியர் அக்பர்ஷா அதை நடத்தினார். கல்லூரியில் தவளையை அறுத்தே தீர வேண்டும் என்ற வழக்கத்தை மாற்றியதில் அவருக்குப் பங்குண்டு. சென்னையிலேயே ஐஐடி மெட்ராஸின் மூளை மையம், நான்கிலிருந்து ஆறு மாதம் வரையிலான கருக்களின் மூளையைச் சீவல் சீவலாகப் படமெடுத்து, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சீவல்களைக் கொண்ட தரணி என்ற தொகுப்பை 2024 கடைசியில் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. அது நச்சுச் சோதனைக்காகச் செய்ததில்லை. ஆனாலும் தட்டில் வளரும் உருண்டை நிஜ மூளையை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்க, நிஜ மூளை எப்படி வளர்கிறது என்ற வரைபடம் முதலில் வேண்டும் இல்லையா.

இனி எர்ணாவூர். இங்கே நான் சோதனை முறைகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்துகிறேன், ஏனென்றால் உங்கள் பகுதியில் மூளைக்கு மிகவும் அஞ்ச வேண்டியவற்றுக்குத் தட்டும் வேண்டாம், எலியும் வேண்டாம். 2006இல் கிராஞ்ஜான், லாண்ட்ரிகன் என்ற இரு மருத்துவர்கள், மனிதக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று உறுதியான தொழில்துறைப் பொருள்கள் ஐந்தைப் பட்டியலிட்டார்கள்: காரீயம், மீதைல் பாதரசம், ஆர்சனிக், பழைய மின்மாற்றிகளில் ஊற்றிய பிசிபி எண்ணெய்கள், பெயிண்டிலும் பசையிலும் வரும் கரைப்பானான டால்யூயின். 2014இல் மாங்கனீசு, ஃபுளோரைடு, குளோர்பைரிஃபாஸ், டிடிடி உட்பட ஆறைச் சேர்த்தார்கள். (ஃபுளோரைடில் எந்த அளவிலிருந்து என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.) இந்தப் பட்டியல் எப்படி வந்தது? குழந்தைகள் பாதிக்கப்பட்ட பிறகு எண்ணி வந்தது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் கண்டுபிடித்த நோயில், வெளியே ஒன்றுமே தெரியாத தாய்மார்களுக்குக் கை கால் முடங்கிய பிள்ளைகள் பிறந்தன. நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் வடிகட்டிவிடும் என்ற நம்பிக்கை அங்கேதான் உடைந்தது. காரீயம் கலந்த பெட்ரோலை உலகமே பல பத்தாண்டுகள் எரித்தது, இந்தியாவில் 2000இல்தான் முழுதாக நின்றது. ஆக, "நாங்கதான் எலியா" என்ற உங்கள் கேள்விக்கு, இந்தப் பட்டியலைப் பொறுத்தவரை, ஆமாம், குழந்தைகள்தான் எலியாக இருந்தார்கள். எலிச் சோதனை இருந்த காலத்திலேயே.

காரீயத்துக்குச் சென்னைக் கணக்கே இருக்கிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், நம் நகரப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையிலான சுமார் 750 குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். சராசரி ஒரு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அளவு கூடக் கூட, பதற்றமும் கவனக் குறைவும் கூடுதலாக இருப்பதாக ஆசிரியர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். அமெரிக்காவில் இன்று 3.5ஐத் தாண்டினாலே மூலத்தைத் தேடச் சொல்கிறார்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பல நாட்டுக் குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், அளவு 2.4இலிருந்து 10க்கு ஏறும்போது அறிவுத்திறன் எண் சராசரியாக 4 புள்ளி குறைந்தது. இது கூட்டத்தின் சராசரி. உங்கள் பிள்ளைக்கு இத்தனை போகும் என்று யாரும் இதை வைத்துச் சொல்ல முடியாது. சென்னை எண்ணும் பழையது. வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்குப் பிறகு நிலைமை மேம்பட்டிருக்க வேண்டும்.

பாதரசம் நிலக்கரியிலிருந்து வருகிறது. அனல்மின் நிலையப் புகையிலும் சாம்பலிலும் கொஞ்சம் இருக்கும். அது கழிமுகச் சேற்றில் இறங்கினால் அங்கே உள்ள பாக்டீரியா அதை மீதைல் பாதரசமாக மாற்றும். சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏற ஏற அடர்த்தி கூடும். கொசஸ்தலையாற்றில் சாம்பல் சேர்ந்திருப்பது எண்ணூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என்றாலும் வயிற்றுப் பிள்ளைக்கு எவ்வளவு போகிறது என்பது, வீடு ஆற்றுக்கு எவ்வளவு பக்கம் என்பதைவிட, தட்டில் எந்த மீன் விழுகிறது என்பதைத்தான் அதிகம் பொறுத்தது.

சந்தேகமான பகுதி இனி. சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கம் வரும் டால்யூயின் போன்ற ஆவிகள்: பட்டியலில் இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். அதற்கான ஆதாரம் பெரும்பாலும் பசையை முகர்ந்து போதை ஏற்றிக்கொண்ட கர்ப்பிணிகளின் பிள்ளைகளிடமிருந்து வந்தது, தெருக் காற்றைவிடப் பல மடங்கு அதிகமான அளவு அது. 2023 டிசம்பரில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது தொண்டையும் கண்ணும் எரிந்ததைப் பலர் அனுபவித்தீர்கள். அம்மோனியா கண்ணையும் மூச்சுக்குழாயையும் நேரடியாகத் தாக்கும் வாயு. அந்த ஒரு நாள் வாடை கருவின் மூளையைக் கெடுத்திருக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அதே மாதம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் படலத்தை வெறுங்கையால் வாரியவர்கள் நிலை வேறு, அவர்களுக்குத் தொடர்ந்த மருத்துவக் கண்காணிப்பு வேண்டும் என்பேன். நுண்தூசிக்கும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் குவிகின்றன, ஆனால் வறுமை, சத்துக்குறைவு, இரைச்சல் ஆகியவற்றிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது கடினமாக இருக்கிறது. ஐம்பது பொருள்கள் ஒரே காற்றில் சேர்ந்து வரும்போது என்ன ஆகும் என்பதற்கு எலியில் பதில் கிடைக்கவே போவதில்லை. தட்டில் மட்டுமே அதைக் கலந்து பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது, அந்த வேலை தொடங்கியிருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் கொசுவத்தி, கொசு லிக்விட் எல்லாம் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லிக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் டெல்டாமெத்ரினை 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தப் புதிய முறைகளுக்கான மாதிரி வழக்காகவே எடுத்து அலசியது. மருந்து போட்டு மூடிய அறையில் இரவு முழுக்கப் படுப்பதைவிட வலை கட்டுவது மேல். கொசு கடித்து டெங்கு வருவது கர்ப்பிணிக்கு இதைவிட நிச்சயமான ஆபத்து என்பதால், வலை இல்லாமல் லிக்விடை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மனைவிக்கு இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன். காரீயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்பத்தில் பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்து தேவைப்பட்டு எலும்பு கரையும்போது அதுவும் கூடவே வெளியே வந்து நஞ்சுக்கொடியைத் தாண்டும். இரும்பும் சுண்ணாம்பும் குறைவாக இருந்தால் குடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சும், இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு ரத்தசோகை. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு, கால்சிய மாத்திரைகளைக் குமட்டுகிறது என்று டப்பாவில் போட்டுவைக்காமல் விழுங்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே வேளையில் போட வேண்டாம், ஒன்று மற்றதைத் தடுக்கும். அயோடின் கலந்த உப்பு தைராய்டுக்கு. வீட்டில் யாராவது பழைய பேட்டரி உடைக்கும் இடத்திலோ, காரீயம் உருக்கும் பட்டறையிலோ, பெயிண்ட் சுரண்டும் வேலையிலோ இருந்தால், வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வரக் கூடாது, அந்தத் துணியை மனைவி துவைக்கவும் கூடாது. பழைய ஜன்னல் பெயிண்ட் உரிந்தால் இப்போது சுரண்டாதீர்கள், தரையை ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஈயச் சொம்பில் ரசம் வைக்கும் வழக்கம் இருந்தால் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள். வெள்ளீயமாக இருந்தால் பிரச்சினை இல்லை, மலிவுக்குக் காரீயம் கலந்திருந்தால் புளி அதைக் கரைத்து எடுத்துவிடும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பளீரென்று மின்னும் உதிரி மஞ்சள் பொடியும், பெயரில்லாத சுர்மா கண்மையும் வேண்டாம்.

மீனை நிறுத்தாதீர்கள். பிள்ளையின் மூளைக்கு மீன் நல்லது, அதில் சந்தேகமில்லை. காசிமேட்டில் நெத்திலி, காரப்பொடி, கவலை, சங்கரா என்று சின்ன மீனாக வாங்குங்கள். பெரிய சுறா, பெரிய சூரை, பெரிய வஞ்சிரம் மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். பிள்ளை பிறந்ததும் பால் ஊற வேண்டும் என்று பாட்டிமார் பால்சுறா புட்டு செய்யச் சொல்வார்கள், அப்போது சண்டை வரும். பால்சுறா சின்னது, பெரிய சுறாவில் இருக்கும் அளவு அதில் இருக்காது. ஆனாலும் சுறா இனமே மற்ற மீனை வேட்டையாடித் தின்னும் இனம் என்பதால், தினமும் கிண்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பாட்டிக்காக ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு மற்ற நாள் நெத்திலிக்கு மாறலாம்.

ரத்தத்தில் காரீயம் பார்க்கும் சோதனையைப் பெரிய தனியார் லேப்களில் செய்கிறார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அது தேவையில்லை. மேலே சொன்ன பேட்டரி, பட்டறை, பெயிண்ட் போன்ற காரணம் ஏதாவது இருந்தால், அல்லது ரத்தசோகை மாத்திரைக்கும் அடங்காமல் இருந்தால், அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேளுங்கள். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் தூசியும் கணக்கில் சேரும், கையில் ஊசி போட்டு எடுக்கும் ரத்தமே நம்பகமானது. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால் மூலத்தைத் தேடி விலக்க வேண்டும், உணவில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருந்தால் அதைக் கூட்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். நஞ்சை வெளியேற்றும் மருந்து என்று யாராவது பொடியோ சூரணமோ தந்தால் வாங்காதீர்கள். காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் இருக்கின்றன, அவை மிக அதிக அளவு வந்தவர்களுக்கு மருத்துவமனையில் வைத்துக் கொடுப்பவை. ரிப்போர்ட் வந்த பிறகு எண்ணில் ஏதாவது புரியாவிட்டால், பெயரையும் லேப் பெயரையும் மறைத்துவிட்டு இதே இழையில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.